இரு நிறக் கம்பளி கௌல்: துணி சுருங்காமல் பின்னுவது எப்படி?

நூற்கண்டு
தலைவழியா போட்டுக்கிற மாதிரி, கழுத்தை மூடும் கௌல் ஒன்று இரு நிறத்தில் பின்னப் போகிறேன். நூல்: டிகே (நடுத்தர) கனத்தில் கம்பளி, கருநீலம் 50 கிராம், பால்வெள்ளை 50 கிராம், பந்துக்குச் சுமார் 115 மீட்டர். ஊசி: 4 மி.மீ. வட்ட ஊசி, 40 செ.மீ. நீளம். ஸ்வாட்ச் (அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டு) போட்டதில் ஒற்றை நிறப் பகுதி 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னல் வளையம்), இரு நிறப் பகுதி 26. அந்த இடம் மட்டும் சுருங்கி, இழுத்தாலும் நீள மாட்டேங்குது. மூணு கேள்வி: எத்தனை கண்ணி போடணும், நூல் போதுமா, சுருக்கம் எதனால?

வட்டஊசி
மூணாவதை முதல்ல பார்த்துடுவோம். அது சரியாகாம மற்ற ரெண்டுக்கும் கணக்கே போட முடியாது.

இரு நிறத்தில் கண்ணி கொஞ்சம் நெருங்குவது இயல்புதான். 22 என்பது 23, 24 ஆகலாம். 26 ஆச்சுன்னா பின்னாடி ஓடுற நூல், அதான் ஃப்ளோட், இழுத்துப் பிடிக்குதுன்னு அர்த்தம். வலது ஊசியில் பின்னி முடித்த கண்ணிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையிலேயே நிறம் மாற்றினால், அந்தக் குறுகின அகலத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு நூல்தான் பின்னாடி போகும். ஊசியை விட்டு இறங்கியதும் கண்ணி விரியப் பார்க்கும், ஃப்ளோட் விடாது. சுருக்கம் அங்கேதான் பிறக்குது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. புது நிறத்தில் முதல் கண்ணி போடுமுன், வலது ஊசியில் கடைசி ஐந்தாறு கண்ணிகளை விரலால் நல்லா பரத்தி விடுங்க. அப்புறம் அந்த முதல் கண்ணியைப் போடுங்க. போட்ட பிறகு நூலைச் சுண்டி இழுக்காதீங்க. ஒற்றை நிறத்தில் பின்னும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை லேசா இழுத்து இறுக்கும் பழக்கம் கைக்கு வந்திருக்கும். இங்கே கெடுப்பது அந்தப் பழக்கம்தான்.

கம்பளிப்பூச்சி
அதோட இன்னொண்ணு. ஸ்வாட்சை எப்படிப் போட்டீங்க? போய்த் திரும்பி, ஒரு வரிசை நிட் (முகப்புக் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (அதையே மறுபக்கமா போடுறது)னு போட்டிருந்தா அந்த 26-ஐ நம்பாதீங்க. கௌல்ல எல்லாச் சுற்றும் நிட் மட்டும்தான். பர்ல் வரிசையில் பலருக்கும் கை வேற மாதிரி ஓடும்.

வட்டமா ஸ்வாட்ச் போட முழு வட்டம் தேவையில்லை. 40 கண்ணி போட்டு ஒரு வரிசை நிட் பண்ணுங்க. முடிஞ்சதும் துணியைத் திருப்பாம, கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளுங்க. ரெண்டு நூலையும் பின்னாடி தளர்வா, துணியின் அகலத்துக்கு மேலேயே கொஞ்சம் விட்டுக் கொண்டுவந்து, மறுபடி வலது பக்கத்திலிருந்து நிட். பின்னாடி பெரிய பெரிய தொங்கல் வரும். வரட்டும். நடுவில் 24 கண்ணியை மட்டும் அளங்க, ஓரம் எப்பவும் பொய் சொல்லும். அளக்குமுன் நனைச்சுக் காய வைக்கணும். ஊசியில் இருக்கும்போது எடுத்த அளவு எதுக்கும் ஆகாது.

மூணாம்கண்ணி
இவ்வளவு எதுக்கு? இரு நிறப் பகுதிக்கு 4.5 மி.மீ. ஊசிக்கு மாறினா முடிஞ்சது. பல சார்ட்டிலேயே (வடிவத்தை வரிசை வரிசையா காட்டும் படம்) "நிற வேலைக்கு அரை மி.மீ. பெரிய ஊசி"ன்னு போட்டிருக்கு.

வட்டஊசி
> 4.5 மி.மீ. ஊசிக்கு மாறினா முடிஞ்சது

பாதிதான் முடியும். ஊசி பெரிசானா கண்ணிதான் பெரிசாகும். ஃப்ளோட்டின் நீளத்தை முடிவு பண்றது கை. கை இறுக்கமாவே இருந்தா, பெரிய கண்ணிகளுக்கு நடுவே அதே குட்டை ஃப்ளோட் ஓடி, துணி பள்ளமும் மேடுமா வரும். முதலில் பரத்திப் பின்னிப் பாருங்க. அதுக்குப் பிறகும் ஒற்றை நிறத்தை விட 2 கண்ணிக்கு மேல் வித்தியாசம் இருந்தா ஊசி மாற்றலாம்.

இதுக்கு நடுவில் ஒரு வழி இருக்கு: குழலை உள்வெளியா திருப்பிப் பின்னுவது. கண்ணி எப்போதும் போல நிட்தான். ஆனா துணியின் முகம் குழலுக்குள்ளே இருக்கும், ஃப்ளோட் வெளிச்சுற்றில் ஓடும். வெளிச்சுற்று எப்பவும் கொஞ்சம் பெரிசு, அதனால ஃப்ளோட் தானாவே தாராளமா அமையும். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஊசிமுனைகளில் பின்ன வேண்டியிருக்கும். முதல் ரெண்டு சுற்று கை தடுமாறும், அவ்வளவுதான்.

நூற்கண்டு
பரத்தி விட்டு, கம்பளிப்பூச்சி சொன்ன மாதிரி தள்ளித் தள்ளி ஸ்வாட்ச் போட்டேன். நனைச்சுக் காய்ந்த பிறகு 10 செ.மீ.க்கு 24 கண்ணி, 26 வரிசை. ஊசி அதே 4 தான். இப்போ எத்தனை கண்ணி?

இழைமணி
144.

கணக்கு இது: கௌல் தலைவழி இறங்கணும், கழுத்தில் தொளதொளன்னு நிற்கக் கூடாது. பெரியவங்க தலைச் சுற்றளவு பொதுவா 55 முதல் 58 செ.மீ. இரு நிறத் துணி ஒற்றை நிறத்துணி அளவுக்கு நீளாது, அதனால தொப்பிக்குக் கழிக்கிற மாதிரி இங்கே கழிக்கக் கூடாது. 60 செ.மீ. வைங்க. 60 × 2.4 = 144. இந்த எண் 4-லும் 6-லும் 8-லும் 12-லும் மீதியில்லாம வகுபடும். அதனால 2×2 ரிப்பும் (2 நிட், 2 பர்ல்னு மாறி மாறி வரும் நீளும் ஓரம்) சரியா வரும், பெரும்பாலான சின்ன வடிவங்களும் சரியா உட்காரும். உங்க 40 செ.மீ. ஊசி போதும். 60 செ.மீ. ஊசி எடுத்தா கண்ணிகளை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டியிருக்கும்.

முதல் முறைன்னா ஃப்ளோட் நீளமே வராத சார்ட் எடுங்க. கீழே இருப்பது 8 கண்ணி, 8 வரிசை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சாய்சதுரங்கள். எந்த வரிசையிலும் 3 கண்ணிக்கு மேல் ஒரே நிறம் தொடர்ந்து வராது. "அ" அடர் நிறம், "வெ" வெளிர் நிறம். பின்னுற வரிசையிலேயே எழுதியிருக்கேன், சுற்று முழுக்க 18 முறை திரும்ப வரும்.

வரிசை 1: 1 அ, 2 வெ, 3 அ, 2 வெ
வரிசை 2: 2 வெ, 2 அ, 1 வெ, 2 அ, 1 வெ
வரிசை 3: 1 வெ, 2 அ, 3 வெ, 2 அ
வரிசை 4: 2 அ, 2 வெ, 1 அ, 2 வெ, 1 அ
வரிசை 5: 1 போலவே
வரிசை 6: 4 போலவே
வரிசை 7: 3 போலவே
வரிசை 8: 2 போலவே

3.5 மி.மீ. ஊசியில் அடர் நிறத்தில் 144 கண்ணி தளர்வா காஸ்ட் ஆன், அதாவது ஊசியில் ஏற்றித் தொடங்குங்க. முறுக்கு விழாம வட்டத்தை இணைங்க. 2×2 ரிப் 9 சுற்று. 4 மி.மீ. ஊசிக்கு மாறி அடர் நிறத்திலேயே ஒரு சுற்று நிட். பிறகு சார்ட் 6 தடவை, அதாவது 48 சுற்று. முடிவில் வரிசை 1-ஐ மறுபடி ஒரு தடவை போட்டா மேல் முனையும் கீழ் முனையும் ஒத்துப்போகும். அடர் நிறத்தில் ஒரு சுற்று நிட், திரும்ப 3.5 ஊசியில் ரிப் 9 சுற்று. உயரம் 25, 26 செ.மீ. வரும். ஒவ்வொரு 8 கண்ணிக்கும் ஒரு மார்க்கர் (அடையாள வளையம்) போடுங்க. ஒரு கண்ணி தவறினா அந்த எட்டுக்குள்ளேயே மாட்டும், அடுத்த சுற்று வரை போகாது.

நூல்: சார்ட் பகுதியில் 49 × 144 = 7,056 கண்ணி. இந்தச் சார்ட்டில் ஒவ்வொரு வரிசையிலும் ரெண்டு நிறமும் சரிபாதி. ஒரு கண்ணிக்கு ஏறக்குறைய 1.35 செ.மீ. நூல், ஃப்ளோட்டா ஓடும்போது கண்ணிக்கு 0.4 செ.மீ. ஆக நிறத்துக்கு 62 மீட்டர் போல. ரெண்டு ரிப்பும் இடையில் வரும் ஒற்றை நிறச் சுற்றும் சேர்ந்து அடர் நிறத்தில் இன்னும் 36, 38 மீட்டர். கருநீலம் 100 மீட்டரைத் தொடும். ஸ்வாட்சுக்கும் காஸ்ட் ஆன் வாலுக்கும் போக 115-ல் மிச்சம் சொற்பம். ஸ்வாட்சைப் பிரிச்சு எடுக்க மனசில்லைன்னா கருநீலம் இன்னொரு பந்து வாங்கி வைங்க, அதே சாய எண் பார்த்து.

கம்பளிப்பூச்சி
கருநீலம், பால்வெள்ளை நல்ல ஜோடி. மத்தவங்களுக்காக ஒண்ணு: நிறம் தேர்ந்தெடுக்கும்போது ரெண்டு பந்தையும் பக்கத்துல வச்சு போன்ல கறுப்பு வெள்ளைப் படம் எடுங்க. ரெண்டும் ஒரே சாம்பலா தெரிஞ்சா அந்த ஜோடி வேண்டாம். சிவப்பும் பச்சையும் கையில் பளிச்சுன்னு வேறயா தெரியும், படத்துல ஒண்ணா கரைஞ்சுடும். பின்னினதும் அப்படித்தான், நாலடி தள்ளி நின்னா வடிவமே தெரியாது.

சாயம் படிப்படியா மாறுற நூலையும் ரெண்டு பக்கமும் போடாதீங்க. ஒண்ணு மாறலாம், இன்னொண்ணு நிலையா இருக்கணும்.

நூற்கண்டு
நன்றி. எந்த நூலைக் கீழே பிடிக்கணும், எதை மேலேன்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. அது அவ்வளவு முக்கியமா?

வட்டஊசி
முக்கியம், ஆனா எது கீழே என்பதை விட, அதை நடுவில் மாற்றாம இருப்பது.

பின்பக்கத்தைப் பாருங்க. ஒரு நிறத்தின் ஃப்ளோட் எப்போதும் மேல் வழியாவும் மற்றது கீழ் வழியாவும் ஓடும். கீழே ஓடுற நூல் ஊசிக்கு வர கொஞ்சம் அதிக தூரம் போகுது, அதனால அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிசா விழுது. முகப்பில் அந்த நிறம் முன்னுக்கு வரும், மற்றது பின்வாங்கும். ரெண்டு கையிலும் நூல் பிடிப்பவர்களுக்கு இடது கை நூல்தான் கீழ் நூல். ஒரு கையிலேயே பிடித்தா, கீழ் நூலை எடுக்கும்போது மேல் நூலுக்கு அடியிலிருந்து எடுங்க, மேல் நூலை அதன் மேலாக எடுங்க. ஒன்றையொன்று முறுக்க வேண்டாம், முறுக்கினா பந்துகள் சிக்கிக்கொண்டே இருக்கும்.

வடிவமா தெரிய வேண்டியது வெள்ளைன்னா வெள்ளை கீழே. இழைமணியோட சார்ட்டில் பின்னணி, வடிவம்னு பிரிவே இல்லை, எதுவும் கீழே வரலாம். ஆனா ராத்திரி வச்சுட்டு மறுநாள் எடுக்கும்போது கை மாறிப்போகும். அந்தச் சுற்றிலிருந்து மெலிசான ஒரு பட்டை தெரியும், கழுவினாலும் போகாது. பந்துப் பையில் எந்த நிறம் எந்தப் பக்கம்னு ஒரு சீட்டு வச்சுடுங்க.

மூணாம்கண்ணி
மயிரிழை வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடு. ப்ளாக்கிங்கில், அதான் நனைச்சு வடிவம் பிடிச்சுக் காய வைக்கும்போது, எல்லாம் ஒண்ணாயிடும்.

கம்பளிப்பூச்சி
ஆகாதுங்க. ஸ்வாட்சில் பத்து வரிசை வெள்ளை கீழே, பத்து வரிசை நீலம் கீழேன்னு போட்டு நனைச்சுப் பாருங்க. ஒற்றைக் கண்ணி புள்ளி வடிவத்துல நல்லாவே தெரியும். அகலமான பட்டைகள்ல தெரியாதுன்னா ஒத்துக்கறேன்.

நூற்கண்டு
பிறகு எட்டிதழ் நட்சத்திரம் போடலாம்னு ஆசை. அதுல ஒரே நிறம் 7, 9 கண்ணின்னு ஓடுது. அப்போ என்ன பண்றது?

இழைமணி
நார்வேயின் செல்பூ கையுறைகளில் வரும் நட்சத்திரம்தானே? ஃப்ளோட் 5 கண்ணியைத் தாண்டினா, அல்லது 2.5 செ.மீ.யை நெருங்கினா, நடுவில் பிடித்துப் போங்க. பின்னுற நூலுக்கும் கண்ணிக்கும் இடையில் ஓடும் நூலை ஒரு தரம் மாட்டி விடுவது, அவ்வளவுதான். 9 கண்ணிக்கு ஒரு பிடி போதும். இங்கே நடக்கும் தப்பு என்னன்னா, ஒவ்வொரு வரிசையிலும் அதே நாலாவது, ஐந்தாவது கண்ணியில் பிடிப்பது. அடுக்கடுக்கா ஒரே இடத்தில் விழுந்தா, வெள்ளை முகப்பில் நீலப் புள்ளி வரிசை எட்டிப் பார்க்கும். இந்த வரிசையில் நாலில் பிடித்தா அடுத்ததில் ஆறில் பிடிங்க.

உராய்வு உள்ள, அதிகம் பதப்படுத்தாத கம்பளின்னா ஃப்ளோட் நாளடைவில் துணியோட ஒட்டிக்கும். மெஷின் வாஷ் கம்பளி வழவழப்பு, ஒட்டாது, நனைஞ்சதும் பெரிசாயிடும். பருத்தி இதுக்கு ஆகவே ஆகாது. மீள்தன்மை இல்லாததால கைப்பிசகு ஒவ்வொண்ணும் அப்படியே நிற்கும்.

ஒரு சின்ன விஷயம். எல்லா இரு நிறப் பின்னலையும் "ஃபேர் ஐல்"னு சொல்றாங்க. அது ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. அங்கத்திய மரபில் பல நிறம் இருக்கும், ஆனா ஒரு வரிசையில் ரெண்டுக்கு மேல் வராது. நட்சத்திரம் போட்டா அது ஃபேர் ஐல் ஆகிடாது. கோபமில்லை, சொல்லி வைக்கிறேன்.

நூற்கண்டு
சுற்று ஆரம்பிக்கும் இடத்தில் சார்ட் ஒரு வரிசை ஏறி உடைஞ்ச மாதிரி தெரியுதே?

வட்டஊசி
அது போகாது, மறைக்கத்தான் முடியும். வட்டமா பின்னுவது உண்மையில் சுருள். ஒரு சுற்று முடியும் இடம் அதே சுற்றின் தொடக்கத்தை விட ஒரு வரிசை மேலே நிற்கும். கோடு கோடா வரும் வடிவத்தில் பளிச்சுன்னு தெரியும், சாய்சதுரத்தில் அவ்வளவா தெரியாது. சுத்தமா வேணும்னா சார்ட் பகுதியை மட்டும் 145 கண்ணியில் போட்டு, அந்தக் கூடுதல் ஒரு கண்ணியை எல்லாச் சுற்றிலும் அடர் நிறத்திலேயே பர்ல் பண்ணுங்க. நேர்க்கோடா ஒரு பள்ளம் விழும், உடைப்பு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். ரெண்டு ரிப்பிலும் 144-தான் இருக்கணும், மறக்க வேண்டாம். கழுத்தின் பின்பக்கம் வர்ற மாதிரி போட்டுக்கலாம்.

கம்பளிப்பூச்சி
கழுத்து அரிப்பைப் பத்தி யாரும் பேசலையே! நார்கள் 30 மைக்ரான் தடிமனைத் தாண்டினா தோலைக் குத்தும். 19, 20 மைக்ரான் மெரினோ கம்பளின்னா பெரும்பாலும் தொந்தரவில்லை. கரடான கம்பளியை ஆசைப்பட்டு வாங்கிட்டா, ரெட்டைக் குழலா பின்னுங்க. 46 செ.மீ. நீளக் குழல், ரிப் இல்லாம, மடிச்சு ரெண்டு முனையும் சேர்த்தா 23 செ.மீ. உயரம். ஃப்ளோட் எல்லாம் உள்ளே மறைஞ்சுடும், மோதிரம் மாட்டாது, நூல் முனையைச் செருகக்கூட வேண்டாம், முடிச்சுப் போட்டு உள்ளே விட்டுடலாம். உள்பக்கத்தை மட்டும் மென்மையான நூல்ல, ஒற்றை நிறத்துல பின்னினாலும் சரி. ஆனா கண்ணி எண்ணிக்கையைத் திரும்ப ஸ்வாட்ச் போட்டுப் பார்க்கணும், ஒற்றை நிறம் அகலமா விழும்.

இழைமணி
ரெட்டைக் குழலுக்கு நூல் கணக்கு மாறும்: 120 சுற்று × 144 = 17,280 கண்ணி, நிறத்துக்கு 150 மீட்டருக்கு மேல். ரெண்டு பந்து நீலம், ரெண்டு பந்து வெள்ளை.

ஆரம்பத்தை வேறு நிறக் கழிவு நூலில் குரோஷே (கொக்கி ஊசி) சங்கிலி போட்டு, அதிலிருந்து கண்ணி எடுத்துத் தொடங்குங்க. முடிவில் சங்கிலியைப் பிரிச்சா மூடாத, ஊசியில் ஏற்றக்கூடிய கண்ணிகள் கிடைக்கும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒற்றை நிறமா வைங்க. ஊசி நூலால் கண்ணியோடு கண்ணி கோத்து இணைக்கும்போது ஒரு வரிசை கூடும், அது ஒரே நிறத்தில்தான் வரும். இணைக்க 60 செ.மீ. சுற்றளவுக்கு நாலு மடங்கு, 2.5 மீட்டர் வால் விடுங்க. முக்கியமானது: சுற்றின் முதல் கண்ணி மறுமுனையின் முதல் கண்ணிக்கு நேரா வரணும். நாலு கண்ணி தள்ளினாலும் குழல் முழுக்கத் திருகிக்கும், பிறகு பிரிக்கணும். இணைப்பு மடிப்பின் ஓரத்தில் வராம, உள்பக்கம் 3 செ.மீ. தள்ளி விழற மாதிரி மடிங்க.

நூற்கண்டு
ஒற்றைக் குழல்தான் போடறேன் இப்போதைக்கு. நீலம் வெள்ளையில் இறங்கிடுமோன்னு பயம். வினிகர் தண்ணீரில் ஊற வச்சா போதும்னாங்க.

வட்டஊசி
குளிர்ந்த வினிகர் தண்ணீர் ஒன்றும் செய்யாது. கம்பளிக்கு ஏற்றுவது பெரும்பாலும் அமிலச் சாயம். அது நாரில் பிடிக்க அமிலமும் வேணும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூடும் வேணும். சூடு இல்லாத வினிகர் மணம் மட்டும்தான் தரும்.

பின்னுமுன் சோதிங்க. 30 செ.மீ. நீல நூலை வெதுவெதுப்பான நீரில் நனைச்சு, ஈரமான வெள்ளை நூலோடு சேர்த்துச் சுருட்டி, வெள்ளைத் துணியில் பொதிஞ்சு அரை மணி நேரம் வைங்க. கறை விழுந்தா, நீலப் பந்தைப் பெரிய வளையமா சுற்றி நாலு இடத்தில் தளர்வா கட்டி, பழைய பாத்திரத்தில் நீரும் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலமும் சேர்த்து, மெல்ல 85 டிகிரி வரை சூடாக்கி அரை மணி நேரம் வைங்க. கிளறக் கூடாது. பாத்திரத்திலேயே முழுக்க ஆறட்டும். சூடான நூலைக் குளிர்நீரில் போட்டா கம்பளி கெட்டியா திரண்டுடும். அவுரி போட்ட நீலம்னா இது உதவாது. அது கையில் தேய்ந்து ஒட்டும் வகை, நீர் தெளியும் வரை அலசணும்.

நூற்கண்டு
சாயம் இறங்கலை, தொடங்கிட்டேன். மூணாவது தடவை சார்ட் போகுது. நாலு சுற்று கீழே ஒரு கண்ணி நீலமா இருக்க வேண்டியது வெள்ளையா விழுந்திருக்கு. பிரிக்கணுமா?

கம்பளிப்பூச்சி
ஒரே ஒரு கண்ணின்னா பிரிக்காதீங்க. கடைசியில் ஊசி நூலால் அதே கண்ணியின் மேல் நீலத்தைப் படிய விட்டுத் தைச்சுடுங்க. லேசா தடிக்கும், தெரியாது.

இல்ல, இப்பவே சரி பண்ணணும்னா அந்தக் கண்ணிக்கு நேர் மேலே உள்ள கண்ணியை ஊசியிலிருந்து கழட்டி, நாலு படி இறக்கிவிடுங்க. ஏணி மாதிரி நிற்கும். ஒவ்வொரு படியிலும் ரெண்டு நூல் இருக்கும்: தளர்ந்து தொங்கறது கண்ணியா இருந்தது, நேரா ஓடறது ஃப்ளோட்டா இருந்தது. தப்பான படியில் மட்டும் ஃப்ளோட்டை குரோஷே ஊசியால் முன்னாடி இழுத்துக் கண்ணியாக்கணும். அது குட்டையா இருக்கும், கண்ணி இறுகும். ரெண்டு பக்கமும் உள்ள நீலக் கண்ணிகளிலிருந்து நூலைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக் கொடுங்க. மிச்ச வெள்ளைத் தளர்வையும் அதே மாதிரி பக்கத்துக்குத் தள்ளிடுங்க. மத்த மூணு படியிலும் தொங்குற நூலையே எடுங்க.

நூற்கண்டு
வந்துடுச்சு! கடைசியா, பைண்ட் ஆஃப், அதான் கண்ணிகளை மூடி முடிக்கறது. தலை நுழையுமா?

மூணாம்கண்ணி
இதுக்கு மட்டும் பெரிய ஊசி, தாராளமா. வலது கையில் 4.5 பிடிச்சு, ரிப் போகிற போக்கிலேயே நிட்டை நிட்டாவும் பர்லை பர்லாவும் போட்டு முடிங்க. பத்துப் பதினைஞ்சு கண்ணி முடிச்சதும் இழுத்துப் பாருங்க. ரிப் நீளுற அளவுக்கு ஓரம் நீளலைன்னா அங்கேயே பிரிச்சுத் தளர்த்துங்க, சுற்று முழுக்க முடிச்ச பிறகு அழ வேண்டாம். கடைசிக் கண்ணி முடிஞ்சதும் நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, ஊசியில் கோத்து, முதல் கண்ணியின் ரெண்டு கால்களுக்கும் அடியில் விட்டு, வந்த வழியே திரும்பச் செருகினா வட்டம் படி இல்லாம மூடிக்கும்.

வட்டஊசி
நனைக்கும்போது: வெதுவெதுப்பு கூட வேண்டாம், கை சுடாத நீர், 20 நிமிஷம். முறுக்கிப் பிழியாம துண்டில் சுருட்டி மிதிங்க. தட்டையா போட்டுக் காய வைச்சா ரெண்டு பக்கமும் மடிப்புக் கோடு நிற்கும், அதனால உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைங்க. பாதி காய்ந்ததும் கால் வட்டம் திருப்பி விடுங்க. கொடியில் மட்டும் தொங்கவிடாதீங்க. ஈரக் கம்பளியின் பாரமே அதை இழுத்து நீளமாக்கிடும், அகலம் போயிடும்.

நூற்கண்டு
ரிப் ரெண்டாவது சுற்றில் நிற்கிறேன். கருநீலம் 14 கிராம் மீதி.

இழைமணி
14 கிராம்னா 32 மீட்டர். மேல் ரிப்புக்கு 18 போதும். பைண்ட் ஆஃபுக்கு 2 மீட்டர் தனியா ஒதுக்கிட்டு ஓட்டுங்க.